கிணற்றுக்குள் இறங்கிய சத்தம்

அபிராமத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில், கேசரியை வாயில் போட்ட நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா சின்னச்சாமி கேட்டார்.

"கச்சேரியில நீங்க என்ன தம்பி செய்யிறீக?"

"பேஸ் கிடார் வாசிக்கிறேங்க."

"பங்குனியில நயினார்கோவிலுக்கு வந்து பூராப் பாட்டையும் கேட்டேன். பாடுறவரு பாடுனாரு. தபலாக்காரரு தட்டுனாரு. நீங்க ஓரமா நின்னு வயித்தச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தீக. ஒரு சத்தத்தையும் காணோமே?"

கதவுக்குப் பின்னால் பெண் சிரித்தது. அதுதான் பூமயில். அந்தச் சிரிப்பைக் கேட்ட மாத்திரத்தில் இந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை என்று தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது போல. கறாராகச் சொன்னார்.

"ஆடி முளைக்கொட்டுத் திருவிழாவுக்கு எங்க ஊருக்கு ஒங்க குழுதேன் வருது. அன்னைக்கு ஒங்க சத்தம் எனக்குத் தெரியணும். தெரிஞ்சா பொண்ணு. தெரியலையா, கேசரியோட போச்சு."

அவர் சொன்னதில் குற்றமில்லை. இது நடந்தது எழுபத்தொன்பதில். அந்தக் காலத்து மைக் செட் என்பது பனைமரத்தில் கட்டிய புனல் குழாய். பாடகரின் இருமல்கூட அதில் மூன்று மைல் போகும். என் பேஸ் கிடாரின் கனத்த அடித்தந்திச் சத்தம் மட்டும் குழாயின் வாசலிலேயே செத்துவிடும். எழுபத்து நாலில் எங்கள் குழுவை நடத்திய கீழக்கரை ஹமீது சுல்தான் குவைத்திலிருந்து இந்தக் கிடாரைக் கொண்டுவந்தார். ஆறு தந்திக் கிடார் வாங்கப் போனவர், கடற்கரைக்காரர் அல்லவா, தூண்டில் நரம்பு பார்க்கிற கண்ணோடு பார்த்து, தடிமனாக இருப்பதுதான் அறாது என்று நாலு தந்தியை வாங்கி வந்துவிட்டார். குழுவில் ஒருவர் விரலுக்கும் அது அமுங்கவில்லை. என்னுடையது கமலையில் தண்ணீர் இறைத்த கை. அமுங்கியது. அன்றிலிருந்து ஐந்து வருடம் ஊர் ஊராக வாசித்தேன். யார் காதிலும் விழவில்லை. பரமக்குடிப் பக்கம் ஒரு மேடையில், அவர்கள் ஒரு பாட்டைப் பாட நான் வேறொரு பாட்டை முழுதாக வாசித்து முடித்தேன். விழாத் தலைவர் எனக்கும் சேர்த்துத்தான் துண்டு போர்த்தினார்.

மைக் செட் மதாரிடம் போய் அழுதேன். டூரிங் கொட்டகையில் கழித்துப் போட்ட, முறம் அளவு ஸ்பீக்கர் ஒன்று அவனிடம் இருந்தது.

"இதுக்குப் பெட்டி வேணும்ப்பா. பெட்டி இல்லாட்டி வெறும் தகரம் பேசுற மாதிரிதேன் பேசும்."

"எம்புட்டுப் பெருசு வேணும்?"

"பெருசா இருக்க இருக்க நல்லது."

முளைக்கொட்டு அன்று போனால், அபிராமத்தில் கச்சேரிப் பந்தலுக்குப் பக்கத்திலேயே சின்னச்சாமியின் கிணறு இருந்தது. மூன்று வருடமாக வறண்டு, உள்ளே ஓணான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. நான் மதாரைப் பார்த்தேன். அவன் கிணற்றைப் பார்த்தான்.

"ஏலே தவசி, ஒனக்குப் பொண்ணுதேன் வேணுமா, இல்ல போலீசு வேணுமா?"

கமலை வடத்தில் ஸ்பீக்கரைக் கட்டி இறக்கினோம்.

பொழுது சாயக் கச்சேரி தொடங்கியது. முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் சுற்றிக் கும்மி கொட்டினார்கள். நான் அடித்தந்தியைத் தட்டினேன். சத்தம் கிணற்றில் விழுந்து, மண்ணுக்குள் நடந்து, ஊரின் உள்ளங்கால் வழியாக ஏறி வந்தது. கட்டியிருந்த எருமைகள் ஒரே நேரத்தில் அசை போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். மணலில் சம்மணம் போட்டிருந்த சின்னச்சாமி எழுந்து, உட்கார்ந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக நான் என்னைக் கேட்டேன். சுமாராகத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நடுப்பாட்டில் குறும்பு புகுந்தது. கையை எடுத்தேன். பாட்டு அப்படியே போனது; தபலா போனது. கும்மி மட்டும் போகவில்லை. ஒருத்தி முந்திக் கொட்டினாள், ஒருத்தி பிந்தினாள், ஒருத்தி முன்னால் போனவள் மேல் முட்டினாள். பூமயில் கொட்ட ஓங்கிய கையைச் சேர்க்காமல் நின்று மேடையைத் திரும்பிப் பார்த்தாள். பாடகரை இல்லை. ஓரத்தில் நின்ற என்னை. அவசரமாகத் தந்தியைத் தொட்டேன். கும்மி ஒழுங்கானது.

விடிந்ததும் வடத்தை இழுத்தோம். ஸ்பீக்கர் நனைந்து வந்தது. எட்டிப் பார்த்தால் முழங்கால் அளவு தண்ணீர், ஊற்று குமிழியிட்டுக்கொண்டிருக்கிறது. நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஸ்பீக்கர் போச்சே என்று அழுத மதார் நம்பினான், அது போதும்.

சின்னச்சாமி கிணற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பாட்டுக் கெடக்குது கழுத. ஆவணியில முகூர்த்தத்த வச்சுக்குவோம், மாப்ள. மேலக்காட்டுலயும் ஒரு கெணறு கெடக்கு."

கல்யாணத்தன்று பூமயிலிடம் கேட்டேன். "ஒங்க அய்யாவுக்குத் தண்ணி. ஒனக்கு?"

"நீங்க நிப்பாட்டுனப்ப எனக்குக் காலு எங்க வைக்கன்னு தெரியல," என்றாள். "இனிமே அப்படி நிப்பாட்டாதீக."

நிறுத்தவில்லை. பிறகு பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தன, கிணறுகளுக்கு நிம்மதி. கோவில், தர்கா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எல்லா மேடையிலும் ஓரத்தில் நின்றேன். ஒருமுறை பாம்பனில் விசைப்படகின் மேல் வாசித்தபோது ஒரு திருக்கை மீன் கூடவே பாலம் வரைக்கும் வந்து, பாட்டு முடிந்ததும் திரும்பிப் போனது. சாட்சிக்கு ஹமீது சுல்தான் இருந்தார். அவர் மௌத்தாகிவிட்டதால் இனி என் வார்த்தைதான்.

இது இரண்டாயிரத்து ஒன்பது. எனக்கு அறுபது; பூமயிலுக்கு ஒரு காது மந்தம். இன்று மத்தியானம் கரண்ட் போய்விட்டது. வாசலில் உட்கார்ந்து அவள் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கீழக்கரையில் ஒரு நிக்காஹ். விரல் பழக வேண்டுமே என்று கிடாரை எடுத்தேன். கரண்ட் இல்லாத பேஸ் கிடார், கொசு நடக்கிற சத்தம்கூடப் போடாது.

"கேக்கலையே," என்றாள்.

"கரண்டு வரட்டும்."

அவள் காத்திருக்கவில்லை. நகர்ந்து வந்து, குனிந்து, கன்னத்தைக் கிடாரின் மரத்தில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கன்னத்தில் ஒரு மிளகாய் விதை ஒட்டியிருந்தது. நான் அடித்தந்தியைத் தட்டினேன். விதை நடுங்கியது. நின்றது. மறுபடி தட்டினேன்.