கோடு விழாத டயர்

ரேணுகா சைக்கிளை உருட்டிக்கொண்டு பஞ்சர் கடை வாசலுக்கு வந்ததுமே ராமதாஸ் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சதுரங்கப்பட்டினத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர் வீட்டில் அவள் புண்ணியத்தில்தான் அடுப்பு எரிகிறது என்று தெருவே கேலி செய்துகொண்டிருந்தது.

"மறுபடியுமா? முந்தாநாள்தானே ஒட்டிக்கினு போன."

"நானா போய் குத்திக்கினேன்? வழியெல்லாம் வேலிகாத்தான் முள்ளு. நான் இன்னா பறந்தா போவேன்?"

ராமதாஸ் டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். ஒரு இடத்தில் குமிழி வந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்திலும் வந்தது. டயருக்குள் விரலை விட்டுத் தடவி, முள்ளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். தையல் ஊசி நீளம் இருந்தது.

அவள் வேலை செய்வது மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில். சலவைப் பிரிவு. விருந்தாளிகள் படுத்து எழுந்த விரிப்புகளை மலைமலையாய்க் கொண்டுவந்து கொட்டுவார்கள். துவைத்து, உலர்த்தி, மடிப்புக் கலையாமல் அறைக்கு அனுப்ப வேண்டும். போன சீசன் வரைக்கும் முன்கேட் வழியாகத்தான் ஜம்மென்று சைக்கிளில் போய்வந்தாள். அப்போது அது செம்மண் பாதை. பிறகு அதில் சந்தன நிறக் கல் பதித்தார்கள். பதித்த மறுநாளே, சைக்கிளில் வருகிற வேலையாட்கள் இனிமேல் பின்பக்கமாக வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பின்பக்கம் வழி என்று ஒன்று இருந்தால்தானே? சவுக்குத் தோப்பைச் சுற்றி, மணலில் தள்ளி, முள் புதருக்குள் புகுந்து போக வேண்டும். போதாக்குறைக்குத் தோட்டத்தில் வெட்டிய முள்ளையும் அங்கேதான் கொட்டினார்கள். சைக்கிளை வெளியே விட்டு நடந்து போகலாம் என்றால், ரோட்டோரம் நிறுத்தக் கூடாது என்று அதற்கும் ஒரு போர்டு.

ஏன் இப்படி என்று மேனேஜர் பிரவின்குமாரிடம் அவள் கேட்காமல் இல்லை. அவர் கத்தவில்லை, விரட்டவில்லை; தேன் தடவிய குரலில்தான் பேசினார். "உங்க டயர் கறுப்பும்மா. கல்லுல கோடு விழுது. வேற ஒண்ணும் இல்ல." விருந்தாளிகள் சுற்றிவர ரிசார்ட்டே வைத்திருக்கும் சைக்கிள்களுக்கு வெண்ணெய் நிறத்தில் டயர். பேட்டரி வண்டிக்குக்கூடச் சாம்பல் நிற டயர். அதனால் அவளும் நம்பினாள். நம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளுக்குள் போய்வந்தாள். பஞ்சராகித் தாமதமானால் ஒருவரும் முள்ளைத் திட்டவில்லை, அவளைத்தான் திட்டினார்கள். இன்னும் ஒரு நாள் லேட்டானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று இன்றைக்கு சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

"இந்த டயரு ஒனக்கு ஒத்துவராது தங்கச்சி," என்றார் ராமதாஸ். "தேஞ்சி வழவழன்னு கீது. இத்தப் பாரு, மீன் வண்டிக்காரனுங்க போடறது. முள்ளு உள்ள ஏறவே ஏறாது. மிதிக்கத்தான் கொஞ்சம் கனமா இருக்கும்."

ரேணுகா அந்தத் தடி டயரை வாங்கி அழுத்திப் பார்த்தாள். நல்ல டயர்தான். போட்டால் வேலை போகாது. ஆனால் அதைக் கையில் வைத்திருக்க வைத்திருக்க வயிறு எரிந்தது. முள்ளைக் கொண்டுவந்து கொட்டுவது அவர்கள். அதற்குத் தடி டயர் போட வேண்டியது இவளா? காலத்துக்கும் அந்தப் புதரில் மிதிப்பதற்கு நாமே டயர் தேடுகிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது. டயரைத் திருப்பிக் கொடுக்க நிமிர்ந்தபோது, ஆணியில் தொங்கிய வெண்ணெய் நிற டயர்கள் கண்ணில் பட்டன.

"அது யாருது?"

"யாருதும் இல்ல. உங்க ரிசார்ட்டு சைக்கிளுக்குன்னு வாங்கியாந்தேன். அவங்க மெட்ராஸ்லயே பாத்துக்கிறோம்னுட்டாங்க. சும்மா தொங்கிக்கினு கீது."

"என் வண்டிக்கு சேருமா?"

"அளவு அதேதான். ஆனா வாணாம். அது ஷோவுக்குப் போடறது, சீக்கிரம் தேஞ்சிடும். முள்ளுல ஒரு நாள் தாங்காது."

"முள்ளுல போனாத்தானே. அதையே மாட்டு அண்ணாத்த."

ராமதாஸ் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். துருப்பிடித்த ரிம்மில் அந்த டயர், அழுக்கு வேட்டிக்குப் பட்டுச்சட்டை போட்டது போல இருந்தது.

மறுநாள் காலையில் அவள் சவுக்குத் தோப்புப் பக்கம் திரும்பவில்லை. நேரே முன்கேட்டில் போய் இறங்கினாள். காவலாளி துரை கையை நீட்டி மறித்தார்.

"இன்னா ரேணுகா, இந்தப் பக்கம்?"

"டயரைப் பாருண்ணே."

துரை குனிந்து பார்த்தார். விரலால் அழுத்தித் தேய்த்தும் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் மேனேஜருக்குப் போன் போட்டார்.

பிரவின்குமார் வந்து டயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி டயரைப் பார்த்தார்.

"இதை யாரு போடச் சொன்னது?"

"நீங்கதான் சார். கறுப்பு டயருன்னா கோடு விழும்னீங்க. இது விழாது. உங்க சைக்கிளுக்குப் போட்டுக்கீற அதே டயரு."

"அதுக்கில்லம்மா." குரலில் தேன் தீர்ந்துபோயிருந்தது. "நான் டயரை மட்டும் சொல்லல. இது கெஸ்ட் வர்ற வழி. நீங்கள்லாம் இப்படி வந்தா பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"ஒரு மாதிரின்னா இன்னா மாதிரி சார்?"

அவர் கல் பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டார். துரை தரையைப் பார்த்தார். ரேணுகாவுக்குக் காதுமடல் சுட்டது. அவர்கள் படுக்கிற விரிப்பை இவள் கை தொடலாம். முகம் துடைக்கிற துண்டை இவள் மடிக்கலாம். இந்தக் கல்லில் இவள் வந்தால் மட்டும் பார்க்க ஒரு மாதிரி இருக்குமாம். அதைச் சொல்ல வாய் வராமல்தான் மனிதர் இத்தனை மாதமாகப் பழியை டயர் மேல் போட்டிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து, காலையில் சுற்றப்போன ஒரு புருஷனும் பெண்சாதியும் ரிசார்ட் சைக்கிளில் திரும்பி வந்தார்கள். துரை தடுப்பைத் தூக்கினார். பிரவின்குமார் பல்லெல்லாம் தெரியச் சிரித்து ஒதுங்கி நின்றார். அவர்கள் உள்ளே போன பிறகும் துரை தடுப்பை இறக்கவில்லை. ரேணுகா ஏறி அவர்கள் பின்னாலேயே மிதித்தாள்.

விருந்தாளிகள் காதில் விழுமே என்று மேனேஜரால் சத்தம் போட முடியவில்லை. கூடவே ஓடிவந்து, "நில்லுங்க, நில்லுங்க," என்று தொண்டைக்குள்ளேயே அதட்டினார். அவள் ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"டயரை மாத்திட்டேன் சார். இன்னும் எதை மாத்தணும்னு யோசிச்சி வையுங்க. சாயங்காலம் வூட்டுக்கு இதே வழியாத்தான் போவேன், அப்ப சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவள் சலவைக் கட்டிடத்தை நோக்கி மிதித்துக்கொண்டு போனாள். பிரவின்குமார் குனிந்து கல்லைப் பார்த்தார். கோடு எதுவும் விழுந்திருக்கவில்லை.