டாக்டர் என்ன சொல்றா?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர் முழுக்க ஜலஜாவை 'அவள்' என்றுதான் சொல்லிற்று. பெற்றவள் சொன்னாள், தாலி கட்டியவன் சொன்னான், பெஹாலாவில் இருந்த லேடி டாக்டரும் சொன்னாள். ஆனால் இது ஜலஜாவின் நெஞ்சுக்குள் நடந்த கதை. அங்கே இருந்தது ஓர் ஆண்பிள்ளை. ஆகவே நான் 'அவன்' என்றே சொல்லப்போகிறேன். பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை.

கல்கத்தா டிராம் வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டு மின்சாரத்தைப் பூட்டிய புதிது. அப்பா லக்ஷ்மிநாராயணனுக்குக் கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் ஹெட் கிளார்க் வேலை. பவானிபூரில் குடித்தனம். அம்மா சுப்புலக்ஷ்மி கும்பகோணத்திலிருந்து வந்து எத்தனையோ வருஷமாகியும் வங்காளி பாஷையில் மீன்காரியை விரட்ட ஒரு வார்த்தை, காய்காரனிடம் பேரம் பேச ஒரு வார்த்தை, அதோடு சரி. மிச்சத்துக்கெல்லாம் ஜலஜாதான். தெருவில் விளையாடியே அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டவன் அவன். பால்காரன் வந்தாலும், பாத்திரம் தேய்க்கும் மோக்ஷதா வாயைத் திறந்தாலும், "என்னடி சொல்றா?" என்று அம்மா இவன் முகத்தைத்தான் பார்ப்பாள்.

சின்ன வயசிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை பட்டாபிராமன், கும்பகோணத்தில் காலேஜ் படிப்பு. பெண் பெரியவளான பிறகுதான் புக்ககம் போக வேண்டும், அதுவரை பிறந்தகத்தில் இருக்கலாம். அதுதான் வழக்கம். அந்த வழக்கத்தின் தயவில் ஜலஜா பதினேழு வயது வரை பிறந்தகத்திலேயே இருந்தான். அம்மா எள்ளும் வெல்லமும் இடித்துக் கொடுத்தாள், கருஞ்சீரகக் கஷாயம் வைத்தாள், காளிகாட்டில் வேண்டிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. சம்பந்தி வீட்டார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தை பிறப்பதற்குள் பெண் வராவிட்டால் பையனுக்கு வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

ஜலஜாவுக்கு மட்டும் உள்ளுக்குள் கொண்டாட்டம். ஆமாம், கொண்டாட்டம்தான், இதில் என்ன வெட்கம்! நினைவு தெரிந்த நாளிலிருந்து தான் பெண் இல்லை என்று அவனுக்குத் தெரியும். யார் சொல்லியும் தெரிந்துகொண்டதல்ல, பசி தெரிகிற மாதிரி தெரியும். ஆனால் அதை யாரிடம் சொல்வது, எதைக் காட்டிச் சொல்வது? அதற்குத்தான் அவன் தன் உடம்பைத் துருவித் துருவிப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடை அகலம். குரல் கட்டை. மேலுதட்டில் பூனைமயிரை மிஞ்சின ரோமம். மார்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவின் கையையும் தன் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விரலுக்கு விரல் ஒரே வார்ப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, வர வேண்டியது வரவேயில்லை. இதெல்லாம் சும்மாவா? உடம்பே ஒருநாள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடும், அப்புறம் தான் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று நம்பிக்கொண்டிருந்தான், பாவம்.

அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தான். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம், ஹவுராவை விட்டால் கொஞ்ச நேரத்தில் சாந்த்ராகாச்சி வரும். தண்டவாளமாகப் பின்னிக் கிடக்கும் அந்த இடத்தில் ஒருவன் பச்சைக்கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பீடி பிடித்தபடி நிற்பான். அவன் யார், யார் பெற்ற பிள்ளை என்று ஒருவரும் கேட்பதில்லை. குடுமி வைத்து, முழங்காலுக்கு வேட்டி கட்டி, அந்த மாதிரி ஓர் இடத்தில் போய் நின்றுவிட வேண்டும். ராஜ்யம் ஆள வேண்டும் என்று ஆசைப்படவில்லை அவன்.

கடைசியில் அப்பாதான் லேடி டாக்டரிடம் காட்டலாம் என்றார். பவானிபூரில் காட்டினால் மதராஸிக் குடும்பங்கள் அத்தனைக்கும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அதனால் குதிரை வண்டி வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த பெஹாலாவுக்குப் போனார்கள். குளத்தங்கரையில் ஒரு தோட்ட வீடு, டாக்டர் சரளா தத்தா என்று பலகை. அப்பாவுக்கு இங்கிலீஷ் வெள்ளைக்காரன் மெச்சுகிற மாதிரி வரும். ஆனாலும் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார்.

"ஏன்னா, நீங்க வந்து கேட்டாத்தானே தேவலை?" என்றாள் அம்மா.

"போடி, இந்த சமாசாரத்தையெல்லாம் ஒரு பொம்மனாட்டி வாயால கேட்டுண்டு நிக்கவா? ஜலஜாதான் இருக்காளே, கேட்டுச் சொல்லட்டும்."

அந்த வீட்டின் தலையெழுத்தை அந்த ஒரு வார்த்தை மாற்றிவிட்டது. பெரிய மனுஷருக்கு வெட்கம் வந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

டாக்டர் நடுவயசுக்காரி, மூக்குக் கண்ணாடி, அழுத்தமான கை. திரைக்குப் பின்னால் வெகுநேரம் பரிசோதித்தாள். ஜலஜா பல்லைக் கடித்துக்கொண்டு, கண்டுபிடி, கண்டுபிடி என்று மனசுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தான். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து வங்காளியில் சொன்னாள்:

"பயப்பட ஒன்றுமில்லை, மா. எல்லாம் சரியாகவே இருக்கிறது. ரத்தம் போதவில்லை, அதனால் தாமதம். நன்றாகச் சாப்பிடு. இந்த வருஷமோ அடுத்த வருஷமோ வந்துவிடும்."

"என்னடி சொல்றா?" என்றாள் அம்மா.

"இரும்மா, இன்னும் முடிக்கலை." ஜலஜா டாக்டர் பக்கம் திரும்பினான். பெற்றவளை அருகில் வைத்துக்கொண்டே, அவளுக்குத் தெரியாத பாஷையில், ஆயுசு முழுக்க அடக்கி வைத்திருந்ததைக் கேட்டான். "நன்றாகப் பார்த்தீர்களா? என் குரலைக் கேளுங்கள். இந்த மீசையைப் பாருங்கள், கையைப் பாருங்கள். நான் பெண்ணில்லை, டாக்டர். எனக்குத் தெரியும். உள்ளே எங்கேயாவது அதற்கு அடையாளம் இருக்காதா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினாள். சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "இரண்டும் கலந்த உடம்போடு பிறக்கிறவர்கள் உண்டு. நானே பார்த்திருக்கிறேன். நீ அப்படி இல்லை. என் சித்திக்கு உன்னைவிடப் பெரிய மீசை, வீடு நிறையப் பிள்ளை பெற்றாள்."

"அப்படியானால் எனக்கு ஏன் இப்படி இருக்கிறது?"

"தெரியாது. உடம்பில் காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன். நீ சொல்வது உடம்பில் இல்லை. எங்கே இருக்கிறது என்று நான் படித்த புத்தகங்களில் இல்லை."

"புத்தகத்தில் இல்லாவிட்டால் பொய்யா?"

"பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உன் அம்மாவிடம் எடுத்துக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை, மா."

வங்காளத்தில் சின்னப் பெண்களைப் பிரியமாக அப்படித்தான் 'மா' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பிரியம் அவனுக்கு அடித்த மாதிரி இருந்தது.

"இத்தனை நாழி என்னடி பேசறேள்? என்னதான் சொல்றா?"

ஜலஜா அம்மாவைப் பார்த்தான். அந்தக் கணத்தில் வாயில் வந்தது. "எனக்கு வரவே வராதாம்மா. பொம்மனாட்டிக்கு உள்ளே இருக்க வேண்டியது எனக்கு இல்லையாம். புக்காத்துக்கு அனுப்பப்படாதாம்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். டாக்டர் திகைத்துப்போனாள். "நல்ல சேதிதானே சொன்னேன், ஏன் அழுகிறார்கள்?"

"சந்தோஷத்தில் அழுகிறாள்" என்றான் ஜலஜா.

தப்புத்தான். பெற்ற வயிறு பற்றி எரிந்ததை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் வேறு என்ன செய்திருக்க முடியும், அதைச் சொல்லுங்கள்!

அப்பா அந்த வாரமே சம்பந்திக்குத் தெரிவித்துவிட்டார். பட்டாபிராமனுக்கு வேறு பெண் பார்த்து, வைகாசியில் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. இவனுக்குப் பூ வாங்குவது நின்றது. தலை பின்னிவிடுவதுகூட நின்றது. ஒதுக்கிவிட்ட பண்டத்துக்கு இருக்கிற சுதந்திரம் அவனுக்குக் கிடைத்தது. மொட்டை மாடியில் அப்பாவின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி நடப்பான். ஒருநாள் அம்மா வடாம் எடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நீ ஆம்பளையாப் பொறந்திருந்தாலாவது எனக்கு இந்தக் கஷ்டம் இல்லைடி" என்றாள்.

"பொறந்தேன்னு வெச்சுக்கோயேம்மா."

அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். புரிந்துகொண்டுவிடுவாள் போலத்தான் இருந்தது. "பைத்தியமே" என்று கன்னத்தில் தட்டிவிட்டு, வடாத்தை அள்ளிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். ஆனாலும் அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா, "இவ எங்கேயும் போக வேண்டாம், நம்மோடயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவன் வாழ்நாளில் அதைவிட நல்ல சாப்பாடு சாப்பிட்டதில்லை.

ஹோலிப் பண்டிகை கழிந்த மறுநாள் காலையில் அது வந்தது.

முதலில் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு கோபம் வந்தது, எப்பேர்ப்பட்ட கோபம்! இத்தனை வருஷம் தன் பக்கம் இருந்த ஒரே துணை என்று எதை நம்பினானோ, அது எதிர்க்கட்சியில் போய்ச் சேர்ந்துகொண்டது. கொல்லைக் குழாயடியில் துணியை அலசு அலசு என்று அலசினான். மறைத்துவிடலாம், மாதாமாதம் மறைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டே திரும்பினால், பின்னால் மோக்ஷதா பாத்திரக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வேண்டாம் மோக்ஷதா, உன் காலில் விழுகிறேன், சொல்லாதே" என்று கெஞ்சினான். பெண்பிள்ளைக்கு வெட்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, நாக்கைச் சுழற்றி, வங்காளிப் பெண்கள் கல்யாணத்தில் எழுப்புவார்களே, அந்தக் குலவையை எழுப்பினாள். அடுத்த வீட்டு மாடியிலிருந்து ஒருத்தி பதில் குலவை கொடுத்தாள். அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். துணியைப் பார்த்தாள், மோக்ஷதாவைப் பார்த்தாள். என்ன சொல்றா என்று அன்றைக்கு அவள் யாரையும் கேட்கவில்லை.

அப்புறம் என்ன! மஞ்சள் நீர், ஆரத்தி, உளுத்தங்களி, பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வந்து பாட்டு. அப்பா ஆபீசிலிருந்தே கும்பகோணத்துக்குத் தந்தி அடித்தார். வைகாசிக் கல்யாணம் நின்றது. மெட்ராஸ் மெயிலில் வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட். அம்மா மகனைக் கட்டிக்கொண்டு, "என் வயத்துல பாலை வார்த்தாயேடி" என்று அழுதாள். மகளைக் கட்டிக்கொண்டதாக அவள் நினைப்பு. அவன் கட்டை மாதிரி நின்றான்.

அம்மாவுக்கு ஒரே ஒரு குறைதான் மிச்சம். "அந்தக் கடங்காரி டாக்டர்! வராதுன்னு வாய் கூசாமச் சொன்னாளே. புறப்படறதுக்குள்ள அவ முன்னாடி போய் நிக்கணும்." திரட்டுப்பால் கிளறி டப்பாவில் எடுத்துக்கொண்டு பெஹாலாவுக்குக் கிளம்பிவிட்டாள். சண்டைக்குப் போகிறவள் தித்திப்போடு போனாள், அவ்வளவு சந்தோஷம். வண்டியில் வாய் ஓயவில்லை. "ஹவுராவுல ஒரே கூட்டமா இருக்கும். சாந்த்ராகாச்சி தாண்டட்டும், அப்புறம் நிம்மதியா இட்லிப் பொட்டலத்தை அவுத்துக்கலாம், என்ன?"

"சரிம்மா" என்றான்.

டாக்டர் அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்தாள். அம்மா டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"சொல்லுடி. 'வரவே வராதுன்னு சொன்னேளே, என் பொண்ணை ஒண்ணுமில்லாதவள்னேளே, இப்போ பாருங்கோ'ன்னு சொல்லு. ஒரு வார்த்தை விடாமச் சொல்லு."

"அம்மா என்ன சொல்கிறார்கள்?" என்று டாக்டர் கேட்டாள்.

ஜலஜா அன்றைக்கு ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். டாக்டர் டப்பாவின் பக்கம் நீட்டின கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே." கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். "அன்றைக்கு அவர்கள் அழுதது சந்தோஷத்தில் இல்லை."

"இல்லை."

"எப்போது அனுப்புகிறார்கள்?"

"வெள்ளிக்கிழமை."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஏதாவது சொல்லட்டுமா? உடம்பு பலவீனம், ஒரு வருஷம் போகட்டும் என்று? நீ எதைச் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்."

"நீங்கள் எதைச் சொன்னாலும் என் வாயால்தானே அம்மாவுக்குப் போக வேண்டும்? இனிமேல் அது எடுபடாது, டாக்டர். என் உடம்பு நேரே அவளிடம் பேசிவிட்டது."

ஜன்னலுக்கு வெளியே குளத்தில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி சொல்றா?" அம்மா அவன் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "தப்புன்னு ஒத்துண்டாளா இல்லையா?"

"ஒத்துண்டுட்டாம்மா" என்றான் ஜலஜா. "நான் பொண்ணுதானாம்."

"அப்படிச் சொல்லு!" என்று அம்மா திரட்டுப்பால் டப்பாவைத் திறந்து டாக்டர் பக்கம் நகர்த்தினாள்.