கூணும் கூண்டும்

"கூண் கெடச்சா கொண்டாண்ணே!"

முத்துப்பிரியா போனில் மூன்றாவது முறையாகக் கத்தினாள். இடுப்பில் இருந்த மகள் அருள்மொழி பயந்துபோய் உதட்டைப் பிதுக்கினாள்.

மறுமுனையில் அழகுமலை. முத்துப்பிரியாவின் பெரியப்பா மகன். போடியிலிருந்து ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கும் ஜீப் அவனுடையது. அப்போது போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறைக் கடைத்தெருவில் நின்றிருந்தான். அங்கே சிக்னல் வருவதும் போவதும் அதன் இஷ்டம்.

"சரித்தா, கேட்டுச்சு. எத்தனை வேணும்?"

"கெடைக்கிறது அம்புட்டையும் கொண்டா. நாளைக்கு மத்தியானம் அவறாச்சன் சேட்டன் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றாரு. அவருக்குத்தான்."

"அவருக்கா? அவருக்கு எதுக்குத்தா..."

லைன் அறுந்துவிட்டது. சொன்னது காதில் விழுந்துவிட்டது, அது போதும் என்று முத்துப்பிரியா போனை வைத்தாள்.

கூண் என்றால் மலையாளத்தில் காளான். அந்த வார்த்தை அவளுக்கு ஒரு வாரமாகத்தான் பழக்கம். அவறாச்சன் வாயிலிருந்து வந்த வார்த்தை என்பதால், அதன் பிறகு காளான் என்று சொல்லவே அவளுக்கு வாய் வரவில்லை.

போன வருஷம் இதே மழைக்காலத்தில் அவள் கணவன் பிரபுவுக்கு எஸ்டேட் ஸ்டோரில் வேலை. குடியிருப்பும் அங்கேதான்; போடிக்குக் குடிவந்தது பிரசவத்துக்குப் பிறகுதான். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று நிதானமாக இருந்தவளுக்கு ஒரு காலையில் வலி கண்டுவிட்டது. ஆம்புலன்ஸ் தேவாரம் பக்கம் வேறொரு அவசரத்துக்குப் போயிருந்தது. அது திரும்பி மலையேறி வரும்வரை வலி காத்திருக்கும் என்று தோன்றவில்லை.

எஸ்டேட்டில் லோடு ஜீப் ஓட்டுகிற அவறாச்சன் யாரையும் கேட்கவில்லை. ஏற்றியிருந்த ஏலக்காய் மூட்டைகளில் பாதியை இறக்கினார். மீதி மூட்டைகளின் மேல் தன்னுடைய மெத்தையைக் கொண்டுவந்து விரித்தார். அவளைப் படுக்கவைத்து மலையிறங்கினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் "கழிஞ்சு மோளே, கழிஞ்சு" என்றார். முடிந்தது மகளே, இதுதான் கடைசி வளைவு என்று அர்த்தம். ஒவ்வொரு வளைவிலும் பொய். அந்தப் பொய்களைப் பிடித்துக்கொண்டுதான் அவள் போடி ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தாள். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. 'இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால்' என்று ஆரம்பித்த வாக்கியத்தை டாக்டரம்மா முடிக்கவும் இல்லை, இவள் கேட்கவும் இல்லை.

அந்த மனிதருக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று முத்துப்பிரியா அன்றிலிருந்து அலைந்தாள். வேட்டி சட்டை எடுத்துக்கொண்டு போனாள். "எனிக்கு எதுக்கு மோளே?" என்று திருப்பிவிட்டார். பிரபு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தான். கட்டிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லி, அதைப் பிரபுவின் கையிலேயே கட்டிவிட்டார்.

இப்போது அவருக்கு ஊருக்குப் போகிற நேரம் வந்துவிட்டது. திங்கட்கிழமை கிளம்புகிறார். மகன் காஞ்சிரப்பள்ளிக்கே வந்துவிடச் சொல்லிவிட்டான். இனி மலைக்குத் திரும்பமாட்டார். முத்துப்பிரியா போன் போட்டு, அழாத குறையாகக் கேட்ட பிறகுதான் மனிதர் வாய் திறந்தார்.

"புற்றில் முளைக்கிற கூண் உண்டல்லோ? அது கிட்டியா இத்திரி கறி வெச்சுத் தா. அது மதி."

கொஞ்சம் கறி வைத்துக் கொடுத்தால் போதுமாம். வருஷம் முழுக்க வேண்டாம் என்றவர் கேட்ட ஒரே ஒரு பொருள். அதைக் கொடுக்காமல் அவரை அனுப்புவதா?

சாயங்காலம் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. அழகுமலை பழைய பேப்பர் சுற்றிய பெரிய சாமான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இந்தா. பூப்பாறைல இருந்ததுலயே பெருசு. இது ஒண்ணே போதும், பெருச்சாளியே விழுகும்."

பேப்பரைப் பிரித்தாள். பளபளவென்று ஒரு எலிக்கூண்டு.

"என்னண்ணே இது?"

"கூண்டு. நீதான கூண்டு கெடச்சா கொண்டான்ன?"

"கூண்டு இல்லண்ணே, கூண்! காளான்!"

"காளானா? அதக் காளான்னு சொன்னா என்னவாம்? நீ எப்ப இருந்து மலையாளத்துக்கு மாறுன?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஏலக்காய்த் தோட்டத்தில் எலி ஒரு தீராத் தொல்லை. மலைக்குப் போய்வருகிறவனிடம் கூண்டு என்று சொன்னால் அவன் வேறு எதை நினைப்பான்?

"ஊருக்குப் போற மனுசனுக்கு எலிக்கூண்டு எதுக்குன்னு வழி பூரா யோசனைதான். சரி, பிரியப்பட்டுக் குடுக்குறீக, நமக்கென்னன்னு வந்துட்டேன்" என்றான் அழகுமலை.

பிரபு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முத்துப்பிரியாவுக்கும் சிரிப்பு வந்திருக்கும், அழகுமலை அடுத்ததைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

"இன்னிக்குக் காலையிலதான்த்தா, எஸ்டேட்டு மேட்டுல புத்தைச் சுத்தி வெள்ளை வெளேர்னு நின்னுச்சு. நம்ம ஜீப்புல வந்த பொம்பளையாளுக மடி நெறையப் பறிச்சாக. எனக்கும் ஒரு கை குடுத்தாக. வேண்டாம்னுட்டேன்."

"இப்பக் கேட்டா குடுக்கமாட்டாகளா?"

"இந்நேரம் தின்னு ஏப்பம் விட்டிருப்பாக."

முத்துப்பிரியா அப்படியே கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். புற்றுக்காளான் நினைத்தபோது வருவதில்லை. இடி இடித்து, மழை பெய்து, ஒருநாள் தலைகாட்டும். மறுநாள் விரிந்து புழு வைத்துவிடும். இனி அடுத்த மழைக்குத்தான்.

"வர்ற வழில ரோட்டோரம் வெள்ளையா என்னமோ நின்னுச்சு. போய்ப் பறிச்சிட்டு வரவா?" என்றான் அழகுமலை.

"தெரியாத காளானப் போட்டு, ஊருக்குப் போறவரை மேல அனுப்பிவைக்கவா?"

"நாட்டுக்கோழி அடிச்சிருவோம்" என்றான் பிரபு. "இல்லைன்னா மீல்மேக்கர் போடு. மசாலா தூக்கலா இருந்தா யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியும்" என்றாள். கூண்டைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

புற்றுக்காளானில் அப்படி என்னதான் இருக்கிறது என்று யோசித்தாள். முதலில் கடி. தண்டு நார் நாராகக் கிழியும், பல்லுக்கு வேலை கொடுக்கும். அப்புறம் அது குழம்பில் இறக்குகிற சாறு. அதற்கப்புறம் மழை நனைந்த மண் வாசம். மூன்றும் சேர்ந்து வேறு எந்த ஒரு பொருளிலும் கிடைக்காது. தனித்தனியாகத் தேடினால்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரபுவுடன் கடைக்குப் போய்ப் பாக்கெட் மொட்டுக்காளானை எடுத்து மோந்து பார்த்தாள். பிளாஸ்டிக் வாசம்தான் வந்தது. வெந்தால் வழுவழுவென்று வாயில் நழுவும். திரும்ப வைத்துவிட்டு, "ஏங்க, வண்டிய சிலமலைக்கு விடுங்க" என்றாள்.

சிலமலையில் ஆயம்மாள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் சிப்பிக்காளான் வளர்க்கிறாள். வைக்கோல் திணித்த பைகள் வரிசையாகத் தொங்கும். ஓட்டைகளில் காளான் கொத்துக் கொத்தாக எட்டிப் பார்க்கும். விஷயத்தைக் கேட்டதும் ஆயம்மாள் தராசுப் பக்கமே போகவில்லை. விரியாத இளம் கொத்துகளாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்தாள். உள்ளே போய் ஒரு டப்பாவுடன் வந்தாள்.

"இது காயவெச்சது. சுடுதண்ணில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியக் கொழம்புல ஊத்து. பச்சைக் காளான்ல இந்தச் சாறு எறங்காது."

"இது எம்புட்டுக்கா?"

"ஓம் புள்ளையக் காப்பாத்துன மனுசனுக்கு நானும் ஒரு வாய் போட்டதா இருக்கட்டும். போ, வெரசாப் போ, அடுப்பப் பத்தவை."

கடிக்கு ஒன்று, சாற்றுக்கு ஒன்று கிடைத்துவிட்டது. வாசத்துக்கு முத்துப்பிரியா தன் கையை நம்பினாள். சிப்பிக்காளானைக் கத்தியில் வெட்டாமல் நார் போகிற போக்கிலேயே கையால் கிழித்தாள். தண்ணீரில் அலசாமல் ஈரத்துணியால் துடைத்தாள். எண்ணெய் விடாத வெறும் இரும்புச் சட்டியில் போட்டு, அதன் தண்ணீரெல்லாம் சுண்டி ஓரம் சிவக்கிற வரை வதக்கினாள். சின்ன வெங்காயத்தைத் தோலோடு தணலில் சுட்டு, உரித்து, வறுத்த தேங்காயோடும் மிளகோடும் வைத்து அரைத்தாள். சுட்ட வெங்காயத்தின் புகையில் கொஞ்சம் மண் வாசம் இருந்தது. அவருக்காகத் தேங்காய் எண்ணெயில் தாளித்தாள்.

"ஏலக்கா போடலையா?" என்று பிரபு எட்டிப் பார்த்தான்.

"போடிக்காரின்னா எல்லாத்துலயும் ஏலக்கா போடணுமா? எனக்கு மண்ணு வாசம் வேணும். பாயாச வாசம் இல்ல."

ருசி பார்த்தாள். நன்றாக இருந்தது. ஆனால் புற்றுக்காளான் இல்லை.

"அவர்கிட்டச் சொல்லாத. சந்தோசமாச் சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றான் பிரபு.

அவறாச்சன் வெள்ளை வேட்டியில் வந்தார், அழகுமலையின் ஜீப்பில். அருள்மொழியைத் தூக்கி ஒருமுறை உயரப் போட்டுப் பிடித்தார். இலையில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. முதல் வாயைப் போட்டுவிட்டு மெதுவாக மென்றார். முத்துப்பிரியா கரண்டியும் கையுமாக நின்றாள்.

"கொள்ளாம்" என்றார். "நல்ல ருசி."

அது அவளுக்கு இனிக்கவில்லை. பொய் சொல்லி மலையிறக்கியவரிடம் தானும் பொய் சொல்லலாம்தான். ஆனால் அவர் அன்று சொன்னது அவளுக்காக. இன்று மறைத்தால் அது தனக்காக அல்லவா?

வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் கட்டிலுக்கு அடியிலிருந்து கடகடவென்று சத்தம். அருள்மொழி எலிக்கூண்டை இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே அவளுடைய மஞ்சள் ரப்பர் வாத்து உட்கார்ந்திருந்தது.

"இது எந்தா?" என்றார் அவறாச்சன்.

அழகுமலைக்குப் புரையேறியது. பிரபு கூரையைப் பார்த்தான். முத்துப்பிரியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, போன் போட்டதில் ஆரம்பித்து ஆயம்மாளின் டப்பா வரை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நீங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, சேட்டா. அதக்கூட என்னால குடுக்க முடியல."

அவறாச்சன் சிரித்தார். இலைக்கு மேலே சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சொன்னார்:

"அன்னைக்கு ஆம்புலன்சு வந்நில்லா. பகரம் ஏலக்கா ஜீப்பு வந்து. மோள் வேண்டான்னு பறஞ்சோ?"

முத்துப்பிரியா வேண்டாம் என்றா சொன்னாள்? ஆம்புலன்சுக்குப் பதிலாக வந்த அந்த ஜீப்பைத் தெய்வம் என்றல்லவா நினைத்தாள்.

"பின்னே? இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று இலையைக் காட்டினார்.

இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். குழம்புச் சட்டியை அவளே சாய்த்துக் காட்ட வேண்டியதாயிற்று. துடைத்துவிட்டாற்போல் இருந்த இலையைச் சுட்டி, "கழிஞ்சு மோளே, கழிஞ்சு" என்றார்.

"இந்தத் தடவ பொய் இல்ல" என்றாள் முத்துப்பிரியா. கண்ணைத் துடைத்துக்கொள்ள முந்தானையைத் தேடினாள்.

கை கழுவி வந்தவர் கூண்டைத் தூக்கி, கதவைத் திறந்து மூடி, கம்பியைச் சுண்டிப் பார்த்தார்.

"அழகுமலை, இது நீ எங்கேந்து வாங்கி?"

"பூப்பாறைலதான் சேட்டா. புது மால்."

"ஊரில் எண்டெ பழைய வீடு பூட்டிக்கெடக்குது, வருஷக்கணக்கா. எலியாணு அவிடெ இப்போ முதலாளி." முத்துப்பிரியாவைப் பார்த்தார். வேட்டியையும் கடிகாரத்தையும் திருப்பிக் கொடுத்த மனிதர், கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "இது எனக்குத் தருமோ?"

அவள் தலையை ஆட்டினாள். கூண்டைப் பழைய பேப்பரில் பொட்டலம் கட்டப் போன அழகுமலையைத் தடுத்துவிட்டு, தன்னுடைய நல்ல துணிப்பையைக் கொண்டுவந்து அதில் வைத்துக் கொடுத்தாள்.

ஜீப் கிளம்பும்போதுதான் நினைவு வந்து அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். "ஐயோ, மோள்டெ வாத்து!" என்று கூண்டுக்குள் விரலை விட்டு ரப்பர் வாத்தை வெளியே எடுத்து நீட்டினார்.

அம்மாவின் இடுப்பிலிருந்து எக்கி அதை வாங்கிய அருள்மொழி, ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு கூண்டின் கதவைத் தேடி, வாத்தை மறுபடி உள்ளே போட்டாள்.

"அதுவும் இருக்கட்டும், சேட்டா" என்றாள் முத்துப்பிரியா.