வரிசையில் நின்ற சைரன்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குக் கிளம்பும் வாரம் அது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எந்த ஐஸ் கம்பெனியிலும் இயந்திரம் ஓயவில்லை.

நர்மதா ராயபுரத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். ஐஸ் கம்பெனிகளில் குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா வாயு கசிந்தால் சைரன் ஒலிக்கச் செய்யும் மென்பொருளை அங்கே எழுதினார்கள். எழுதியதைச் சோதித்து, ஓடக்கூடியதாகத் தொகுத்துத் தரும் பில்ட் சர்வர்கள் அவள் பொறுப்பு. எத்தனை வேலை வரிசையில் நிற்கிறது, எத்தனை சர்வர் உழைக்கிறது என்று டாஷ்போர்டில் கண் வைத்தபடி இருப்பாள்.

போன மாதம் மேலாளர் பகலவன் அதே டாஷ்போர்டைப் பார்த்துத்தான் பாதி சர்வர்களை நிறுத்தினார். "சராசரியா பாதி நேரம் சும்மாதானேம்மா கெடக்கு" என்றார். ராத்திரி சும்மா கிடந்ததையும் சேர்த்துப் போட்ட சராசரி அது, பகலில் மூச்சுவிட இடமில்லை என்று நர்மதா சொல்லிப் பார்த்தாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு நிறுத்திவிட்டார்.

அன்று சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவள் மேசையருகே ஐரீன் நின்றிருந்தாள். சைரன் மென்பொருளை எழுதுபவள் அவள்தான். முகம் வெளிறியிருந்தது.

"நேத்து அனுப்புன வெர்ஷன்ல தப்பு இருக்கு நர்மதா. வாயு ரொம்ப அதிகமாப் போனா, சென்சார் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ஜீரோன்னு எடுத்துக்குது."

"அப்போ சைரன்?"

"அடிக்காது."

பழைய பதிப்பைத் திரும்பப் போட வழியில்லை. எல்லா இடத்திலும் புது சென்சார் மாட்டியாகிவிட்டது, பழையதற்கு அது புரியாது. ஐரீன் தவற்றைத் திருத்தி அனுப்பிவிட்டாள்தான். ஆனால் திருத்தம் வரிசையின் கடைசியில் கிடந்தது. மறுநாள் வேறொரு வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய மென்பொருளின் சோதனைகள் முன்னால் அடைத்துக்கொண்டிருந்தன. நர்மதா பார்க்கப் பார்க்க வரிசையின் கோடு ஏறிக்கொண்டே போனது. சர்வர்களின் கட்டம் மட்டும் பச்சையாக இருந்தது.

ஐரீன் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். ஐஸ் கம்பெனிகளிலிருந்து வரும் அளவுகள். மேலிருந்து கீழ்வரை சுழியம்.

"இதுல எது நெஜமான ஜீரோன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

நர்மதாவின் அண்ணன் வெற்றி காசிமேட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில் கட்டி இறக்குபவன். அவனை அழைத்தாள்.

"ண்ணா, அங்க கேஸ் வாசன வருதா?"

"எப்ப வர்ல? கண்ணு எரிஞ்சிகினுதான் கீது. இன்னா விஷயம்?"

"சைரன் வேல செய்யாது. எல்லாரையும் இட்டுகினு வெளிய வந்துரு."

"இன்னா நம்மு, வெளாட்றியா? போட்டுக்காரங்கல்லாம் கேட்டாண்ட நின்னுகினு கீறாங்க. மிஷின்ல ஜீரோதான் காட்டுது."

"அத்த நம்பாதண்ணா."

"ஜெகதீசன் மாமாவாண்ட சொல்றேன்" என்று வைத்துவிட்டான். வாயுவை அழுத்தும் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்பவர் ஜெகதீசன்.

நர்மதா பகலவனின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். "முன்னால இருக்கறதை எல்லாம் நிறுத்தணும் சார்."

"நாளைக்கு டெமோம்மா. கொஞ்சம் பொறுத்தா தானா வந்துடாதா? சர்வர் எல்லாம் பச்சையாத்தானே காட்டுது?"

"சர்வர் நல்லாத்தான் இருக்கு சார். வரிசைதான் நகரல."

மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் போனை எடுத்தார். நர்மதா காத்திருக்கவில்லை. தன் இடத்துக்கு வந்து முன்னால் நின்றவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். பக்கத்தில் ஐரீன் மற்ற கம்பெனிகளை அழைத்துக்கொண்டிருந்தாள். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்களும் ஜீரோதான் காட்டுகிறது என்றார்கள்.

ஒருவழியாகப் பில்ட் முடிந்து, திருத்தம் ஒவ்வோர் இடமாகப் போய்ச் சேரத் தொடங்கியது. முதலில் காசிமேடு. ஐரீனின் திரையில் சுழியம் மறைந்து பெரிய எண் ஒன்று வந்தது. கட்டம் சிவந்தது. அதே நேரம் ஜன்னல் வழியாகத் துறைமுகப் பக்கமிருந்து சைரன் கேட்டது.

கசிவு இப்போது தொடங்கியதல்ல என்று இருவருக்கும் புரிந்தது. நர்மதா தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு அண்ணனை அழைத்தாள். நெடுநேரம் மணி போனது. எடுத்தபோது இருமலுக்கு நடுவே பேசினான்.

"வெளிய வந்துட்டோம் நம்மு. நீ சொன்னன்னதும் மாமா எல்லாரையும் தொரத்திட்டாரு. அவரு மட்டும் வால்வ மூடப் போனாரு. இப்பதான் தூக்கியாந்தோம். மூச்சு கீது. கண்ணத் தொறக்கல."

பகலவன் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. "மத்த சர்வரையும் போட்டுடலாமாம்மா?" என்றார் மெல்ல.

திருத்தம் திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூரை எட்டியிருந்தது. அங்கே ஒரு சுழியம் மறைந்து சிவப்பு வந்தது. சற்றுப் பொறுத்து, அதன் கீழே இன்னொன்று.

ஐரீன் அந்த இரண்டு கம்பெனிகளின் போன் எண்களை மறுபடி அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது.