ஓரக்கம்பி

பாதிக் கம்பி பிய்ந்து மேலே வளைந்து நிற்கிறது, மறுபாதி வரமாட்டேன் என்று பலகையோடு அடம்பிடிக்கிறது, சுகிர்தமலர் பனியில் சறுக்கும் ஸ்கீயை முழங்காலால் அழுத்திக்கொண்டு ஸ்குரூடிரைவரை இன்னும் ஆழமாகக் குத்துகிறாள், வா வெளியே, வா, என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரும்போடு பேசுகிறாள், நாலு மணிக்கு அந்த உருத்திரன் வான் வண்டியைக் கொண்டுவந்து கராஜ் வாசலில் நிறுத்தும்போது அவன் ஒட்டிய லட்சணம் துண்டுதுண்டாக அவன் காலடியில் கிடக்கவேண்டும், அதைத் தாண்டித்தான் அவன் தன் பிரஸைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், வலதுகால் ஸ்கீ இரண்டு வருடத்துக்கு முன்பே மலையில் வாயைப் பிளந்துவிட்டது, இது இடதுகால், இத்தனை நாளும் சுவரில் சாய்ந்து நின்றது, பிள்ளையின் முழங்காலை முறித்த சோடியில் ஒன்று மட்டும் ஒன்றும் தெரியாதது போல நிற்பதா, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பிரஸ் கராஜின் நடுவில் கிடக்கிறது, ஆள் நீளத்துக்கும் கூடிய இரண்டு இரும்பு உத்தரங்கள் ஒன்றின்மேல் ஒன்று, இடையில் நகரசபை கழித்துவிட்ட தீயணைப்புக் குழாய், இரண்டு முனையையும் அடைத்துக் காற்றடித்தால் குழாய் உப்பி, கீழே வைத்த பலகையை அச்சோடு சேர்த்து அழுத்தும், இந்தப் பூதத்தைக் கட்டத்தான் அவளுடைய கணவன் விமலநாதனும் உருத்திரனும் ஒரு கோடை முழுவதும் கிடந்து முறிந்தார்கள், சுவிஸின் இந்த மலையடிவாரத்தில் பதினெட்டு வருடம் ஹோட்டல் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற மனிசன், ஒருநாள்கூடப் பனியில் சறுக்கியதில்லை, உருத்திரனுக்கு மலைக்கு ஆட்களை ஏற்றும் கம்பிவண்டியில் வேலை, அவன்தான் ஒருநாள் முறிந்த ஸ்கீ ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வருகிறான், இருவரும் மரம் அரியும் வாளால் குறுக்கே அரிகிறார்கள், உள்ளே மரம், வெறும் மரம், இவ்வளவுதானோ அண்ணை, என்கிறான் உருத்திரன், அந்த இவ்வளவுதானோவில் பிடித்தது பைத்தியம், மரச்சட்டங்களை ஒட்டி நடுவில் தடிப்பாகவும் இரு நுனியிலும் அட்டை போல மெல்லிசாகவும் சீவினார்கள், அடியில் கறுப்புப் பிளாஸ்டிக், அதன் ஓரத்தைச் சுற்றி எஃகுக் கம்பி, உறைந்த பனியைக் கடித்துத் திரும்ப அந்தக் கம்பிதான் உயிர், மேலும் கீழும் கண்ணாடிநார்த் துணி, எல்லாவற்றையும் பசையில் நனைத்துப் பிரஸுக்குள் கொடுத்தால் முதல் சோடி அமுக்கம் காணாமல் பசை குமிழி குமிழியாக, முருங்கைக்காய் மாதிரி முறுகிக்கொண்டு வந்தது, வயிறு நோகச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சிரித்தாளே, அதை நினைத்தால் இப்போது தன்னையே அறையலாம் போல இருக்கிறது, மூன்றாவது சோடி மகன் ஆரணனுக்கு, அப்போது பதினேழு வயது, பள்ளிக்கூடத்துச் சறுக்கல் அணியில் எடுத்திருக்கிறார்கள், மேல்துணிக்கு அம்மாவின் சிவப்புச் சேலைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான், கத்தரிக்கோலை எடுத்து அவளே வெட்டிக் கொடுத்தாள்.

பிறகு அந்த மாசி மாதத்துச் சனிக்கிழமை, அவள் கண்ணால் காணவில்லை, ஆனால் கண்டது போலவே வருகிறது, கனவில் அந்த மலை பனியாக இருக்காது, ஊரில் மணற்காட்டு மணலாக இருக்கும், கால் சுடும், ஆரணன் அதில் சறுக்கி வருவான், நில்லடா நில்லடா என்று இவள் கத்துவாள், சத்தம் வராது, திருப்பத்தில் வலது ஸ்கீயின் கம்பி தையல் பிரிவது போலப் பிரிந்துகொண்டு போகும், பலகை பிடிமானம் இழந்து பக்கவாட்டில் ஓடும், பிள்ளை போய் வேலிக் கம்பத்தில் மோதுவான், மணல் வெள்ளையாகும், சுவராகும், அது ஆஸ்பத்திரிச் சுவர், அவள் ஓடிப்போகிறாள், முழங்கால் சவ்வு இரண்டு அறுந்துவிட்டது, எலும்பிலும் வெடிப்பு என்கிறார்கள், நடைகூடத்தில் விமலநாதன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார், உருத்திரன் பிய்ந்த ஸ்கீயை மடியில் வைத்துக் கம்பி இருந்த இடத்தை விரலால் தடவுகிறான், விரலை மூக்கடிக்குக் கொண்டுபோகிறான், அழுகிறானாக்கும் என்று நினைத்தாள், நல்லாய் அழட்டும் என்றும் நினைத்தாள், அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான், என்ர பிழைதான் அக்கா, காத்துக் கொஞ்சம் குறைவா அடிச்சுப்போட்டன், அமுக்கம் காணாமப் போச்சு, என்றான்.

அவளுக்கு அது போதும், தாதிமார் ஓடிவரும்வரை கத்தினாள், என் பிள்ளையின் காலில்தானா உன் விளையாட்டு என்று கேட்டாள், அவன் மறுபேச்சுப் பேசவில்லை, விமலநாதனும் வாய் திறக்கவில்லை, பெற்ற பிள்ளைக்காக ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லாத மனிசன் என்று அவரிலும் சேர்த்து ஏறிவிழுந்தாள், அதன்பிறகு உருத்திரனுக்கு இந்த வாசல்படி இல்லை, இன்றைக்கும் பிரஸைக் கழற்றிக்கொண்டு போக மட்டும்தான் வரவிட்டாள், கோயிலில் அவன் எதிரே வந்தால் இவள் மற்றப் பக்கமாகச் சுற்றினாள், அவனுடைய மகளின் பிறந்தநாள் அழைப்பிதழை விமலநாதனின் கண்முன்னாலேயே கிழித்தாள், ஆரணனுக்கு மூன்று ஒப்பரேசன், ஒவ்வொன்றுக்கும் உருத்திரனின் பேரைச் சொல்லித் திட்டினாள், பிள்ளை படியில் காலை இழுத்து இழுத்து ஏறும்போதெல்லாம் திட்டினாள், திட்டினால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும், பிறகு மறுபடி அடைக்கும், தகப்பனும் மகனும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், ஒருநாள்கூட ஓம் என்றதுமில்லை, இல்லை என்றதுமில்லை.

இப்போது கம்பி ஒரே இழுவையில் வந்துவிட்டது, அவள் பின்பக்கமாகத் தொப்பென்று விழுந்தாள், எழும்பிப் பார்த்தால் அடம்பிடித்தது நுனியில் ஒரு சாண் தூரம்தான், மிச்சமெல்லாம் ஒட்டாமலே இருந்திருக்கிறது, கம்பி கிடந்த பள்ளத்தில் பசை கண்ணாடி போல வழுவழுவென்று காய்ந்து கிடக்கிறது, கவ்விப் பிடித்த அடையாளமே இல்லை, அமுக்கம் காணாவிட்டால் இப்படியா இருக்கும், குமிழி குமிழியாக அல்லவா இருக்கும், அந்த முதல் சோடி அப்படித்தானே இருந்தது, விரலால் தடவினாள், பிசுபிசுத்தது, மணந்து பார்த்தாள், காறல் மணம், பழைய தேங்காயெண்ணெய். எந்த மூதேவி இதற்கு எண்ணெய் பூசியது என்றுதான் முதலில் வாயில் வந்தது, சொல்லி முடிக்கமுன் கை நின்றுவிட்டது, ஆரணனின் சோடியை ஒட்டுவதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, இந்தக் கட்டடத்தின் நிலவறையில் உடுப்புத் தோய்க்க அவர்களுக்குக் கிடைத்த முறை செவ்வாய், ஆவியில் சுவரெல்லாம் வியர்த்திருக்கிறது, மூலையில் ஈரம் ஏறிய தாளில் சுற்றியபடி கம்பிகள், பிரித்துப் பார்க்கிறாள், அங்கங்கே துரு, ஐயோ பாவம் இரண்டு பேரும் எவ்வளவு பாடுபட்டுத் துடைத்து வைத்தது, மேலே போய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வருகிறாள், தோசைக்கல்லுக்குப் பூசுவது போல, தேங்காய் திருவும் திருவலகைக்குப் பூசுவது போல, துணியில் தொட்டு நாலு கம்பியையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்லிசாகத் துடைத்து, புதுத் தாளில் சுற்றி, இருந்த மாதிரியே கட்டி வைக்கிறாள், இரும்பென்றால் எண்ணெய், அதற்கு யாரைக் கேட்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் உருத்திரன் மருந்து போட்டு அந்தக் கம்பிகளின் பிசுக்கை எல்லாம் எடுத்துவிட்டு, இனி வெறுங்கையாலும் தொடக்கூடாது அண்ணை, விரலில் இருக்கிற எண்ணெய் பட்டாலே பசை பிடிக்காது என்று சொன்னான், சொன்னது தேத்தண்ணீர் கொண்டுவந்த அவள் காதிலும் விழுந்தது, அவர்களுடைய ஆயிரம் பேச்சில் அதுவும் ஒன்று என்று கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

வான் வந்து நின்றது, உருத்திரன் ஸ்பானரோடு இறங்கினான், இரண்டு வருடத்தில் தலை பாதி நரைத்திருக்கிறது, வாசலில் தயங்கி நின்றவன் அவள் கையில் கம்பியைக் கண்டான், நிலத்தில் பிளந்து கிடந்த ஸ்கீயைக் கண்டான், பிறகு எதையும் பார்க்கவில்லை. உமக்குத் தெரியுமோ, என்று கேட்டாள். அண்டைக்கு ஆஸ்பத்திரியில மணந்து பாத்தீர், உமக்குத் தெரியுமோ தெரியாதோ. ஓம் அக்கா, என்றான், தெரியும். அப்ப ஏன் சொல்லேல்லை. அவன் ஸ்பானரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான், அந்த நேரம் வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன் அக்கா, நீங்கள் தாய், அதைக் கேட்டாத் தாங்கமாட்டியள் எண்டு நினைச்சன், பிறகு அண்ணைக்குச் சொன்னனான், அவர்தான், விடு, அவள் உன்னைத் திட்டினாலும் திட்டட்டும், தன்னைத் திட்டத் துவங்கினா நிப்பாட்டமாட்டாள் எண்டவர். ஆரணனுக்கும் தெரியுமோ என்று கேட்டாள், அவன் தலை குனிந்தான், அந்தக் குனிவே பதில்.

அவளுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம், இரண்டு வருடமும் பட்ட கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்னும்படி ஒரு கோபம், எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, முறிந்த காலோடு பிள்ளை எதிரே இருந்து கேட்டிருக்கிறான், அவள் ஊரான் ஒருவனைச் சபிக்கச் சபிக்க, பைத்தியத்துக்கு ஈடுகொடுப்பது போல மூன்று ஆண்களும் அவளுக்கு ஈடுகொடுத்திருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் நல்லவர்கள், அவள் ஒருத்திதான் பொல்லாதவள். உம்மட நல்லதனத்தை ஆர் கேட்டது, என்றாள், என்ர பிழையை என்னட்டத் தரவேண்டியதுதானே, அதை வச்சிருக்க நீங்கள் எல்லாரும் ஆர். உருத்திரன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, என்று அதற்கும் அவனே மன்னிப்புக் கேட்டான், அது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று, அவன் பிரஸடியில் குந்தி, வந்த வேலையைப் பார்க்கத் தொடங்கினான், இரண்டு திருகாணியைத் தளர்த்திவிட்டான், மூன்றாவதில் அவள் போய் ஸ்பானரைப் பறித்தாள், விடும், இது இஞ்சதான் நிக்கும், என்றாள், அவன் எழும்பி விலகி நின்றான்.

அவள் மண்டியிட்டு அவன் தளர்த்திய ஆணியை இறுக்கினாள், பற்களைக் கடித்துக்கொண்டு முழுப்பலத்தோடு இறுக்கினாள், ஆணி இறுகவில்லை, இன்னும் இன்னும் ஆடியது, உள்ளங்கை கன்றிச் சிவந்தது, முழங்கை உத்தரத்தில் இடிபட்டது, அவள் விடவில்லை, மூச்சு வாங்க நிமிர்ந்தபோது உருத்திரன் கையைக் கட்டிக்கொண்டு ஆணியையே பார்த்தபடி நிற்பதைக் கண்டாள், பிழையாத் திருப்புறன் எண்டு தெரியுதெல்லே, என்றாள், தெரிஞ்சுகொண்டும் பாத்துக்கொண்டு நிக்கிறீர், இன்னும் எத்தினை வருசம் இப்பிடிப் பாத்துக்கொண்டு நிப்பீர், வாயைத் திறந்து சொல்லுமன்.

மற்றப் பக்கம், அக்கா, என்றான் அவன், மற்றப் பக்கமாத் திருப்புங்கோ.