சுண்ணாம்புப் பீப்பாய்கள்

ஏரியில் பாதி தூரம் வந்த பிறகுதான் ரோஷன் பீவி எதிர்க்கரைக் குப்பத்தில் எழும் புகையைப் பார்த்தாள். படகின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"இன்னா வேலு அது, புகை?"

படகு தள்ளிக்கொண்டிருந்த வேலு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னிக்குப் பாடு பிரிக்கிற நாளு பீவிம்மா. யாரு எந்தத் தண்ணியில வலை போடறதுன்னு சீட்டுக் குலுக்கறதுக்கு முன்னால, பழைய வலைய அம்மன் எதிர்ல கொளுத்துவாங்க. உனக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன? பழவேற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். திட்டம் போட்டபோது மட்டும் அது மண்டையில் ஏறவில்லை. முகத்துவாரம், ஏற்றத் தண்ணீர், படகு, பாரம் என்று கணக்குப் போட்டாளே தவிர, குப்பத்து ஜனங்களுக்கும் நாள் கிழமை உண்டு என்று நினைத்தாளா, மகராசி!

புருஷன் போன பிறகு அவனுடைய படகுகளை அவள்தான் நடத்தினாள். ஒல்லாந்தர் கோட்டையில் செய்த வெடிமருந்தைக் கடலில் நிற்கும் கப்பல்களுக்குக் கொண்டுபோகும் வேலை. தண்ணீர் ஏறும் நேரத்தில்தான் முகத்துவாரத்தைத் தாண்ட முடியும். கோட்டையிலிருந்து பாரம் ஏற்றி வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும், கப்பல் காத்துக் கிடக்கும், கோட்டைத் துரை கத்துவார். அப்போது இவள்தான் யோசனை சொன்னாள். மருந்தை ஒரே இடத்தில் குவிக்காமல் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பங்களில் பிரித்து வைப்போம். தண்ணீர் ஏறியதும் பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஏற்றிவிடலாம். ஒன்று வெடித்துப் போனாலும் மற்றவை நிற்கும். துரைக்கு வாயெல்லாம் பல். கோட்டையை ஒட்டிய தன் தெருவுக்கும் ஆபத்து விலகியது என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

உள்ளதைச் சொன்னால் எந்தக் குப்பம் இடம் கொடுக்கும்? அதனால் பீப்பாய்களுக்கு வெளியே சுண்ணாம்பைப் பூசி, உள்ளேயும் சுண்ணாம்புதான் என்று சொல்லி வைத்தாள். வேலுகூட அதைத்தான் நம்பினான்.

"சீக்கிரம் தள்ளுடா!"

"ராத்திரி பெஞ்ச மழையில கொட்டாய் ஒழுகியிருக்குதான்னு பாக்கத்தானே போறோம்? இன்னாத்துக்கு இப்படிப் பறக்கறே?"

அவளும் ஒரு பலகையை எடுத்துத் தண்ணீரைத் தள்ளத் தொடங்கினாள்.

கரை தட்டியதும் சேற்றில் குதித்து ஓடினாள். கொட்டகை காலியாகக் கிடந்தது. பீப்பாய்கள் நெருப்பைச் சுற்றி நின்றன. அவற்றில் ஒன்றின் மேல் குப்பத்துப் பெண் அம்மணி உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை பிறந்தபோது கூடவே இருந்து கையில் வாங்கியவள் ரோஷன் பீவிதான்.

"வா பீவிம்மா! கொட்டாய் ஒரே ஒழுகல். சுண்ணாம்புல ஈரம் பட்டா வெந்து பூடுமேன்னு உருட்டியாந்து அனலாண்ட வெச்சோம். உன் சரக்கு கெடலாமா?"

ரோஷன் பீவி வாயைத் திறந்தாள். சொன்னால் படகுகள் போகும், பிழைப்பு போகும், இந்த ஜனங்கள் உயிரோடு விடுவார்களோ மாட்டார்களோ. அவள் இப்படி நிற்கும்போதே ஒரு பொறி பறந்து வந்து அம்மணியின் பீப்பாய் மேல் விழுந்து அணைந்தது.

"யா அல்லா! எந்திரிடி அம்மணி! அது சுண்ணாம்பு இல்ல. வெடிமருந்து!"

பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். ஆண்கள் ஈர மணலை நெருப்பில் கொட்டினார்கள். வேலுவும் அவளும் மற்றவர்களோடு சேர்ந்து பீப்பாய்களை ஏரிக்குள் உருட்டினார்கள். கடைசிப் பீப்பாய் தண்ணீரில் இறங்கியபோது அவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் அவளை அடிக்கவில்லை. குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு அம்மணி எதிரில் வந்து நின்றாள்.

"எங்கெங்க கொட்டாய் போட்டா தோதுன்னு ஏரி பூரா சுத்திப் பாத்தியே பீவிம்மா. உன் தெருவுல ஒண்ணு போடத் தோணலியா?"

பதில் சொல்ல ரோஷன் பீவி தலையைத் தூக்கினாள். அம்மணியின் தோளுக்குப் பின்னால், அடுத்த குப்பத்தில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. எல்லாக் குப்பத்துக்கும் இன்றுதான் பாடு பிரிக்கிற நாள். நேற்று மழையும் எல்லா இடத்திலும்தான் பெய்திருந்தது.