கிழக்கு மாவட்டத்தில் பூஜ்யம்

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, அண்ணன் தன் மாற்றல் விண்ணப்பத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான், புதுப் படம் மாட்டியவன் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழாவது மாதம். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் இரண்டு அறை வீட்டில் அந்த வாரம் எல்லோரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

“வாங்க புள்ளிவிவரம் மேடம். உங்க புண்ணியத்துல ஏரிக்கரையில வீடு பாக்கப் போறோம்,” என்றான் அண்ணன்.

“மொதல்ல கையெழுத்துப் போடுங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி தாண்டினா ஏரியும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றாள் அண்ணி.

என் புண்ணியம் என்று அவன் சொன்னதில் கிண்டல் பாதிதான். நான் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். வாரம் மூன்று நாள் மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் எட்டு மாவட்டங்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணை போடச் சொன்னார்கள். அரசாங்கம் வருடாவருடம் வெளியிடும் தடிமனான புத்தகத்திலிருந்து ஐந்து வருடக் கணக்கை எடுத்து, மக்கள்தொகை, திருட்டு, கொலை என்று கட்டம் போட்டேன். நான்காவதாக, போலீஸ் சுட்டு இறந்தவர்கள். அந்தக் கட்டத்தை அண்ணனுக்காகத்தான் சேர்த்தேன்.

அண்ணன் பத்து வருடமாகத் துறைமுகக் காவல் நிலையத்தில் காவலராக இருக்கிறான். இதுவரை யாரையும் சுட்டதில்லை. அதை அவன் பெருமையாகச் சொல்வதில்லை. ஒருமுறை ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஒருத்தரையும் சுடாம வீட்டுக்கு வந்துடணும்,” என்றான். அண்ணி கருவுற்ற பிறகு இன்னும் இரண்டு முறை சொல்லிவிட்டான். எங்கள் நகரம் பெயர் கெட்டது. கப்பல், லாரி, சாராயம், கத்தி. என் அட்டவணையின் நான்காவது கட்டத்தில் நகரத்துக்கு நேரே பதினான்கு என்று இருந்தது. ஏரியும் காடும் கல் குவாரியுமாக இருக்கும் கிழக்கு மாவட்டத்துக்கு நேரே பூஜ்யம். திருட்டும் அங்கே குறைவு, கொலையும் குறைவு. ஆசிரியர் ‘மிகத் தெளிவு’ என்று எழுதிப் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். அண்ணன் சாப்பிடும்போது அதை வாங்கிப் பார்த்தான். “நெஜமாவே பூஜ்யமா?” என்று இரண்டு முறை கேட்டான். மூன்று முறை சரிபார்த்ததாகச் சொன்னேன். சரிபார்த்தது உண்மைதான். மறுநாளே விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டான்.

புதன்கிழமை காலை பதினோரு மணி வாக்கில், இறப்புப் படிவம் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஆண், வயது இருபத்தாறு, குவாரித் தொழிலாளி. வசிப்பிடம் கிழக்கு மாவட்டம். காயம் ஏற்பட்ட இடமும் கிழக்கு மாவட்டம். காரணம், காவல்துறை நடவடிக்கையில் குண்டுக் காயம். இறந்த இடம் என்ற கட்டத்தில் எங்கள் நகரப் பொது மருத்துவமனை. இறப்பை இறந்த இடத்தின் கணக்கில் சேர்ப்பதுதான் எங்கள் விதி. நான்கு வருடமாக யோசிக்காமல் செய்கிறேன். அன்றும் விரல் தானாக நகரத்தின் எண்ணை அடித்துவிட்டது. அடித்த பிறகுதான் நின்றது.

பக்கத்து மேசை அக்காவிடம், கிழக்கில் குண்டடி பட்டவரை ஏன் இங்கே கொண்டுவருகிறார்கள் என்று கேட்டேன்.

“வேற எங்க கொண்டு போவாங்க? அங்க இருக்கறது ஒரே ஆஸ்பத்திரி, பல்லுதான் புடுங்குவாங்க,” என்றாள். “உசுரு இருந்தாலும் இல்லன்னாலும் ஆம்புலன்ஸ் இங்கதான் வரும். டாக்டர் கையெழுத்து இங்கதானே?”

அன்றைய மதிய இடைவேளையிலும் வியாழக்கிழமை மதிய இடைவேளையிலும் சாப்பிடாமல் ஐந்து வருடத்துப் படிவக் கட்டுகளைப் புரட்டினேன். திருட்டுக்கும் கொலைக்கும் கணக்குக் கொடுப்பது அந்தந்த ஊர்க் காவல் நிலையம். அது அங்கேயே பதிவாகிவிடுகிறது. சாவுக்குக் கணக்குக் கொடுப்பது மருத்துவமனை. இரண்டு அலுவலகங்கள் இரண்டு விதமாக எண்ணியதை ஒரே கோட்டில் பக்கம் பக்கமாக வைத்தவள் நான். நகரத்தின் பதினான்கில் மூன்று பேர்தான் நகரத்துக்காரர்கள். மீதிப் பதினோரு பேரும் கிழக்கில் சுடப்பட்டவர்கள். கிழக்கின் மக்கள்தொகை நகரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வகுத்துப் பார்க்க மனமில்லை, ஆனாலும் வகுத்தேன். பதினெட்டு மடங்கு. இன்னொரு தடவை வகுத்தேன். விடை மாறவில்லை.

வியாழக்கிழமை பேருந்தில் நின்றபடி, சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். முதல் முறையும் மூன்று தடவை சரிபார்த்தவள்தானே. இதுவும் தப்பாக இருந்தால்? சும்மா இருந்தால் வெள்ளிக்கிழமை கடந்துவிடும், அண்ணிக்கு ஏரி கிடைத்துவிடும். அவன் அங்கே போய் ஒருவனைச் சுட வேண்டிவந்தால் அது என் பூஜ்யத்தை நம்பிப் போனதால்தான் என்று யாருக்கும் தெரியாது, என்னைத் தவிர.

வீட்டில் அண்ணி பழைய திரைச்சீலைகளைத் தரையில் விரித்து அளந்துகொண்டிருந்தாள். அண்ணன் நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தான். விண்ணப்பத்தில் கையெழுத்து ஆகியிருந்தது.

“அண்ணா, அந்த அட்டவணை தப்பு,” என்றேன். உட்காரக்கூட இல்லை. படிவம், மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என்று வரிசையாகச் சொல்லி முடித்து, பதினொன்று என்றேன்.

அண்ணன் நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தான். “உங்க வாத்தியார் எவ்வளவு போட்டாரு?”

“ஒன்பது.”

“திருப்பிக் குடுத்துடு.”

“சும்மா இருங்க,” என்றாள் அண்ணி. சிரமப்பட்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “அந்தப் பதினோரு பேரும் என்னதான் பண்ணாங்களாம்?”

“படிவத்துல அதுக்குக் கட்டம் கிடையாது அண்ணி.”

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

“திருட்டே இல்லாத ஊர்ல யாரத்தான் சுடுறாங்க?” என்றான் அண்ணன். கேள்வி எங்களுக்கு இல்லை. பிறகு, “அங்கேர்ந்து மாறி வந்தவனுங்க ரெண்டு பேர் எங்க ஸ்டேஷன்ல இருக்கானுங்க. ஏரி நல்லா இருக்கும், மீன் ஃப்ரெஷ்ஷா கெடைக்கும்னு சொல்லுவானுங்க. வேற எதுவும் சொல்ல மாட்டானுங்க. நானும் கேக்கல. விண்ணப்பத்துலயே ஒரு வரி இருக்கு. கடைசி ஆறு மாசத்துல துப்பாக்கிப் பயிற்சியில எவ்வளவு மார்க்குன்னு. இங்க பத்து வருஷத்துல எவனும் அதக் கேட்டதில்ல. எதுக்குக் கேக்குறாங்கன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். அப்புறம் உன் பூஜ்யம் ஞாபகம் வந்துச்சு.”

“மன்னிச்சுடு அண்ணா.”

“அட, நீ வேற. நான் கேட்டிருக்கணும்.”

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இங்க இருந்தா தெனம் யாராவது உங்க மேல பாட்டில் வீசுவாங்க. போன மாசம் நெத்தியில நாலு தையல்.”

“ஆமா.”

“அங்க போனா?”

அவன் சுருட்டிய நாடாவை மேசையில் வைத்தான். அது மெல்லப் பிரிந்துகொண்டே வந்தது.

“எனக்குக் கையும் காலுமா நீங்க வேணும்,” என்றாள் அண்ணி. “ஆனா ராத்திரி தூங்குற ஆளா வேணும். ரெண்டையும் யோசிச்சு நீங்களே முடிவு பண்ணுங்க. இப்ப முட்டை பொரிக்கவா, வேக வைக்கவா?”

“பொரிச்சுடு,” என்றான். மூன்று பேரும் சாப்பிட்டோம். ஆச்சரியமாக, நன்றாகச் சாப்பிட்டோம். அண்ணன் என் தட்டிலிருந்து பாதி முட்டையைத் திருடினான். அபராதம் என்றான்.

வெள்ளிக்கிழமை காலை நான் எழுந்தபோது அவன் போய்விட்டிருந்தான். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் இருந்தது. கொடுக்க எடுத்துப்போனானா, கிழிக்க எடுத்துப்போனானா என்று அண்ணிக்கும் தெரியவில்லை. “கேக்கல,” என்றாள்.

மாலை நான்கே முக்காலுக்கு, விண்ணப்பம் கொடுக்க இன்னும் கால் மணி நேரமே இருந்தபோது, வகுப்புக்குப் போகும் பேருந்தில் இருந்தேன். திருத்திய அட்டவணை பையில் இருந்தது. ஆசிரியரிடம் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். முதல் வாக்கியம் சரியாக வந்துவிட்டதில் ஒரு நிம்மதி. துறைமுக வாசல் சந்திப்பில் பேருந்து நின்றுவிட்டது. இரண்டு லாரிகள் உரசிக்கொண்டு குறுக்கே கிடந்தன. ஓட்டுநர்கள் இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தார்கள். நடுவில் அண்ணன்.

“சார், நீங்க தள்ளுங்க சார், இவன இன்னிக்கு விடமாட்டேன்!” என்று ஒருவன் இரும்புக் கம்பியை ஓங்கினான். பேருந்தில் ஒரு பெண் ஐயோ என்றாள். அண்ணனின் இடுப்பில் துப்பாக்கி இருந்தது. வலது கையை அவன் உயர்த்தியபோது நான் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை மேலே போய், ஓங்கியவனின் மணிக்கட்டைப் பிடித்து, அங்கேயே நின்றது. அண்ணன் ஏதோ சொன்னான். இவ்வளவு தூரத்தில் கேட்கவில்லை. கம்பி வைத்திருந்தவன் முதலில் முறைத்தான், பிறகு வாயைக் கோணிக்கொண்டு சிரித்துவிட்டான். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் கையிலிருந்து பையை வாங்குவதுபோல அண்ணன் அந்தக் கம்பியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அப்படியே திரும்பி, இரண்டு கைகளையும் விரித்து, எங்கள் பேருந்தைப் போ, போ என்று அனுப்பினான்.